கெயினோர் பெயரையும் எழுத வேண்டும்

மெரில் ஹாப்கின் இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஈரப் படுக்கைவிரிப்புகளை மூட்டை மூட்டையாக இழுத்து இழுத்து, ஐம்பத்து மூன்றாம் வயதில் முதுகெலும்பு கைவிட்டது. அதன் பிறகு அரசு உதவித்தொகையும், நடக்க முடியாதவர்களுக்குக் கொடுக்கும் உதவிப்பணமும்தான் வருமானம். ஃபெர்ன்டேல் என்ற சிற்றூரில், மலைச்சரிவோடு ஒட்டி ஏறும் வரிசை வீடுகளில் ஒன்றில் அண்ணன் டெர்வினோடு இருந்தாள். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு பேரின் பணமும் சேர்ந்து வீட்டை ஒருவாறு ஓட்டிக்கொண்டிருந்தது.

டெர்வின் ஒரு மார்ச் மாதம் இதயம் நின்று செத்துப்போனான். அவன் பங்கு வாடகையும் அவனோடு போயிற்று. அடக்கச் செலவுக்குக் கடன் வாங்கினாள். அந்தக் கடனைக் கட்ட ஒரு கார்டு, அந்தக் கார்டைக் கட்ட இன்னொரு கார்டு. துணி துவைக்கும் மெஷின் உடைந்தபோது தவணைக் கடையில் ஒன்று. வீட்டுக்குக் கட்டும் கவுன்சில் வரி பாக்கி. வீட்டு வாசலுக்கே வந்து கடன் கொடுத்துவிட்டு, வாரா வாரம் வந்து நிற்கும் ஆளுக்குத் தனி. ஒன்றரை வருடத்தில் பதினாறாயிரம் பவுண்டைத் தாண்டிவிட்டது. இதெல்லாம் கம்பெனிகளுக்கு. கெயினோருக்குக் கொடுக்க வேண்டிய ஆயிரத்து இருநூறு இதில் சேராது.

கெயினோர் நாலு வீடு தள்ளி இருப்பவள். மதுக்கடையில் காலையில் கூட்டித் துடைக்கும் வேலை. பல் கட்டுவதற்காக மூன்று வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. டெர்வினின் அடக்கத்துக்கு முன்பணம் இல்லாமல் தேதி குறிக்க மாட்டோம் என்று அடக்கம் நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். பணத்தை ஒரு உறையில் போட்டுக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள் கெயினோர். "எண்ணாத. சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் ஒரு காலத்தில் டெர்வின்மேல் கண் வைத்திருந்தாள் என்று தெருவே பேசும். அவள் வாயிலிருந்து அது வந்ததே இல்லை.

இந்த நிலைமையில்தான், 2023 செப்டம்பரில், மெரிலின் போனில் ஒரு விளம்பரம் வந்தது. கடனில் முக்கால்வாசி தள்ளுபடி, அரசாங்கம் அனுமதித்த திட்டம் என்று இருந்தது. தொட்டாள். பத்து நிமிடத்தில் கேலம் என்று ஒரு பையன் கூப்பிட்டான். தேனாகப் பேசினான்.

"மேடம், நீங்க இனிமே யாருக்கும் பயப்பட வேண்டியதில்ல. மாசம் எம்பத்தஞ்சு பவுண்டு, ஆறு வருஷம். அவ்வளவுதான். மீதிய அழிச்சிடுவாங்க. கடிதாசி வராது, போன் வராது."

"நான் உதவித்தொகையில இருக்கேன் தம்பி. எம்பத்தஞ்சு எங்கேர்ந்து எடுப்பேன்?"

"சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகுது மேடம்?"

"எரநூறு."

"கொஞ்சம் கம்மியா சமாளிக்க முடியுமா? ஒரு நூத்திப் பத்து?"

அவள் பதிலுக்குக் காத்திராமல் அவன் நூற்றுப் பத்து என்று எழுதிக்கொண்டான்.

"கடன் நிவாரண ஆணைன்னு ஒண்ணு இருக்காமே? ஏழைங்களுக்கு. என் சிநேகிதி ரேடியோல கேட்டாளாம்."

"இருக்கு மேடம். ஆனா அதுல கார எடுத்துக்குவாங்க. உங்களுக்குக் கார் வேணும்ல?"

அந்த ஒரு வார்த்தையில் அவள் விழுந்துவிட்டாள். கார் பதினான்கு வருடப் பழசு, டெர்வினுடையது. அது இல்லாவிட்டால் கடைக்கும் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் இல்லை. அந்த மலையில் நாற்பது அடி நடந்தால் அவளுக்குக் கால் மரத்துப்போகும். போனிலேயே விரலால் கையெழுத்துப் போட்டாள்.

பத்து மாதம் கட்டினாள். எப்படிக் கட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. காலையில் டீ, மத்தியானம் ரொட்டியும் பீன்ஸும், சாயங்காலம் மறுபடியும் டீ. மின்சார மீட்டருக்குப் பணம் போட முடியாத நாட்களில் நூலகத்துக்குப் போய், சூடு வரும் குழாய்க்குப் பக்கத்து நாற்காலியில் அதே செய்தித்தாளை மூன்று முறை படித்தாள். நடக்க முடியாததற்காகக் கொடுத்த பணத்தில் நடக்க முடியாதவளே கடன் கட்டினாள். சட்டையெல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது. இத்தனையிலும் கெயினோருக்கு அவ்வப்போது பத்து, இருபது என்று இருநூறு பவுண்டு வரை கொடுத்தாள். கடிதம் போட்டு மிரட்டாத ஒரே ஆளுக்குக் கொடுக்காமல் இருப்பது அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

பதினோராம் மாதம் காரின் பிரேக் போனது. அதைச் சரி பண்ணியதில் ஒரு தவணை தவறியது. அப்புறம் இன்னொன்று. ஒப்பந்தம் முறிந்துவிட்டது என்று ஆகஸ்டில் கடிதம் வந்தது. அதோடு பழைய கடன்காரர்கள் அத்தனை பேரும், வட்டியைச் சேர்த்துக்கொண்டு, ஒரே வாரத்தில் திரும்பி வந்தார்கள். கட்டிய எண்ணூற்றைம்பது பவுண்டு எங்கே போனது என்று கேட்கப் போன் செய்தாள். கேலம் அங்கே வேலையில் இல்லை. வேறு ஒரு பெண், "அது எங்க நிர்வாகக் கட்டணம் மேடம்" என்றாள்.

அதன் பிறகு மெரில் கடிதங்களைப் பிரிப்பதை நிறுத்தினாள். கதவுக்குப் பின்னால் ஒரு பையில் போட்டாள். பகலிலும் திரைச்சீலையை மூடியே வைத்தாள். யாராவது கதவைத் தட்டினால் மாடிப்படியில் உட்கார்ந்து, அவர்கள் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்க்கும்போது, "தூக்கம் வருதா?" என்று கேட்டார். "வருது டாக்டர். முழிப்பு வராம இருந்தா நல்லாருக்கும்" என்றாள் மெரில். டாக்டரம்மா பட்டை சுற்றியிருந்த அந்தக் கையை விடவில்லை. அன்றே தேவாலயக் கூடத்தில் வியாழக்கிழமைதோறும் வந்து உட்காரும் இலவசக் கடன் ஆலோசகரின் பெயரை எழுதி, நேரமும் வாங்கிக் கொடுத்தார்.

எமிர் என்று பெயர். ஐம்பதைத் தொடும் மனிதர், தீராத ஜலதோஷம். மெரில் அந்தப் பையை அவர் மேஜையில் கொட்டினாள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினார். பழைய ஒப்பந்தத்தின் செலவுப் பட்டியலைப் பார்த்தபோது நிமிர்ந்தார்.

"சாப்பாட்டுக்கு மாசம் நூத்திப் பத்தா? யாரும்மா எழுதினது?"

"அந்தத் தம்பி."

"நீங்க கட்டினதுல கடன்காரங்களுக்குப் போனது நாப்பத்தோரு பவுண்டு. மிச்சமெல்லாம் அவங்க பைக்கு. எரியிற வீட்டுல பிடுங்கியிருக்காங்க."

"ஆணை வாங்கினா கார் போயிடும்னு சொன்னான் சார்."

"உங்க காரு என்ன விலைக்குப் போகும்?"

"ஆயிரம் தந்தா அதிசயம்."

"அந்த வெலைக்கு அப்பவும் தொட்டிருக்க மாட்டாங்க, இப்பவும் தொடமாட்டாங்க. பொய் சொல்லியிருக்கான்."

பத்து மாதப் பட்டினி மெரிலின் முகத்தில் ஏறி இறங்கியது. எமிர் ஒரு கோப்பை டீயும் இரண்டு பிஸ்கட்டும் அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, இருக்கும் வழிகளைச் சொன்னார். கடன்காரர் ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு பவுண்டு கொடுத்துக் காலத்தைத் தள்ளலாம், ஆனால் கடன் சாகாது, அவள்தான் செத்துப்போவாள். திவால் கொடுக்கலாம், அதற்கே அறுநூற்றெண்பது பவுண்டு கட்டணம். மூன்றாவது, நிவாரண ஆணை. இப்போது அதற்குக் கட்டணமே கிடையாது. ஒரு வருடம் யாரும் அவளைத் தொட முடியாது. வருடம் முடிந்து அவள் நிலைமை இப்படியே இருந்தால், எழுதிய கடன் அத்தனையும் அழிந்துபோகும். ஆனால் பெயரும் விலாசமும் அரசாங்கப் பதிவேட்டில் ஏறும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"எதை எடுக்கட்டும் சார்?"

"அத நான் சொல்லக்கூடாதும்மா. நீங்கதான் எடுக்கணும்."

"போன தடவ நான் எடுத்ததுதான் இந்த லட்சணம்."

எமிர் சிரிக்கவில்லை. "எனக்கு இந்த நிலைமைன்னா மூணாவதத்தான் எடுப்பேன். இத நான் சொல்லல, நீங்க கேக்கல" என்றார். பிறகு பேனாவை எடுத்தார். "எல்லாக் கடனும் சொல்லிட்டீங்களா? சொந்தக்காரங்க, சிநேகிதங்க, யார்கிட்டயாவது?"

மெரில் பொய் சொல்லத் தெரியாதவள். கெயினோரைப் பற்றிச் சொன்னாள், கொடுத்த இருநூறையும் சொன்னாள். எமிர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவங்க பேரையும் எழுதணும். ஒருத்தருக்குக் குடுத்து ஒருத்தர விடக்கூடாது. இந்த இருநூறையும் நாமளே சொல்லிடுவோம். அது பரவால்ல. ஆனா இனிமே அவங்களுக்கு ஒரு பென்னி கூடக் குடுக்கக் கூடாது. அவங்களுக்குக் கடிதாசி போகும். வருஷம் முடிஞ்சா அதுவும் அழிஞ்சுடும்."

"அது அவ பல்லு சார்" என்றாள் மெரில். அவருக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

மூன்று வியாழக்கிழமை போகவில்லை. பதினாறாயிரத்தைக் கேட்டு நெருக்கிய கம்பெனிகளின் பெயரை எழுத அவளுக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. இந்த ஒரு பெயர்தான் தொண்டையில் முள்ளாக நின்றது. கெயினோர் எப்போதும்போல வந்து போய்க்கொண்டிருந்தாள். மிச்சமான இறைச்சி வடை இரண்டு, பட்டாணி ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைப்பாள். "எலும்பும் தோலுமா ஆயிட்ட. உன்னப் பாத்தா நாயே நம்பிக்கையோட வால ஆட்டும்" என்பாள். மெரில் சாப்பிடுவாள். சாப்பிடச் சாப்பிட இன்னும் கேவலமாக இருக்கும்.

நாலாவது வாரம், திங்கட்கிழமை காலை, ஜப்திக்காரன் வந்தான். கவுன்சில் வரிக்காக. அவள் கதவைத் திறக்கவில்லை. அவன் குனிந்து, கதவில் கடிதம் போடும் ஓட்டை வழியாக மரியாதையாகவே பேசினான்.

"உள்ள இருக்கீங்கன்னு தெரியும்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பது. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலேன்னா காரத் தூக்கிடுவோம்."

போகும்போது காரின் முன்சக்கரத்தில் மஞ்சள் பூட்டை மாட்டி, கண்ணாடியில் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனான். தெரு முழுக்கப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் மூடினார். மெரில் படியிலேயே உட்கார்ந்து அழுதாள், வாயில் மேலங்கியின் கையைத் திணித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல். அப்புறம் எழுந்து முகம் கழுவினாள். எமிருக்குப் போன் செய்து, "எழுதுங்க சார். எல்லாப் பேரையும் எழுதுங்க" என்றாள். அவர் அன்றைக்கே ஜப்தியை நிறுத்திவைக்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்.

போனை வைத்த கையோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து நாலு வீடு நடந்தாள். கடிதம் போய்க் கெயினோருக்குத் தெரியக்கூடாது. இவள் வாயால்தான் தெரிய வேண்டும்.

கெயினோர் அடுப்படியில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"பூட்டு மாட்டிட்டுப் போனானா அந்தப் பய? பாத்தேன். அவன் டயர்ல காத்த எறக்கலாம்னு வெளிய வந்தேன், அதுக்குள்ள வண்டிய எடுத்துட்டான்."

"கெயினோர், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாத."

"நான் பேசாம இருந்து நீ எப்பப் பாத்த? சரி, சொல்லு."

மெரில் சொன்னாள். ஆணை, ஒரு வருடம், பட்டியல், அதில் எல்லார் பெயரும் இருக்க வேண்டும் என்பது. கெயினோர் குறுக்கே பேசவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அப்ப என் பேரு, அந்தக் கார்டுக்காரன் பேருக்குப் பக்கத்துல" என்றாள் கடைசியில்.

"எழுதியே ஆகணுமாம்."

"எழுதாத. யாருக்குத் தெரியப்போவுது? நான் சொல்லப்போறேனா? வாரம் பத்துப் பவுண்டு கொண்டாந்து அந்த ஜாடியில போடு. உனக்கும் எனக்கும் நடுவுல எந்த அதிகாரி வந்து உக்காரப்போறான்?"

வழியெல்லாம் மெரில் ஏங்கிக்கொண்டு வந்தது இந்த வார்த்தைக்குத்தான். இப்போது அது கைக்குக் கிடைத்தபோது வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"நான் ஏற்கெனவே சொல்லிட்டேன். மறைச்சது தெரிஞ்சா மொத்தமும் கவுந்துடும்னு..."

"என்னக் கேக்காமயே?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ. எனக்கு வேற வழி இல்லடி."

கெயினோர் கரண்டியைத் தொப்பென்று போட்டாள்.

"கார்டுக்காரன் உங்கண்ணன் பொட்டியத் தூக்க வந்தானா? நான் நின்னேன்டி மழையில. ரெண்டு வருஷமா ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு இருக்கேன். சிரிக்கணும்னா கைய வச்சு மூடிக்கிட்டுச் சிரிக்கிறேன். என் பல்லத்தான் உங்கண்ணனோட சேத்துப் பொதச்சேன். அத நீ ஒரு கோடு போட்டு அழிச்சிட்டு வர்ற!"

"நான் அழிக்கல..."

"போ, மெரில். கெழங்கு குழையுது. போ."

ஆணை நவம்பரில் கிடைத்தது. காரின் பூட்டை அதற்கு முன்பே கழற்றிவிட்டிருந்தார்கள். கடிதங்கள் முதலில் குறைந்தன, பிறகு நின்றன. கவுன்சில் வரியில் அவளுக்குச் சேர வேண்டிய சலுகையை இத்தனை வருடம் அவள் கேட்கவே இல்லை என்று எமிர் கண்டுபிடித்து, அதற்கும் எழுதிப்போட்டார். தினம் இரண்டு மணி நேரம் வீட்டைச் சூடாக்க முடிந்தது. ஆனால் நிம்மதி என்று அதைச் சொல்ல முடியாது. கடன்காரர்களுக்கு ஆட்சேபம் இருந்தால் எழுதலாம் என்று நாள் கொடுத்திருந்தார்கள். அந்த நாட்களில் மெரில் தபால்காரர் தலை தெரிந்தாலே நடுங்கினாள். கெயினோர் எழுதினால் தப்பில்லை என்றும் அவளுக்குத் தோன்றியது.

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது கடையில், ரொட்டி அடுக்குக்கு முன்னால், இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள்.

"அந்தக் கடிதாசி வந்துச்சு" என்றாள் கெயினோர், ரொட்டியைப் பார்த்துக்கொண்டே. "ஆட்சேபம் இருந்தா எழுதுன்னு போட்டிருக்கான்."

"எழுதினியா?"

"எழுத உக்காந்தேன். பேனாவுல மை இல்ல."

ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகு வீட்டுக்கு வரவில்லை, பட்டாணிக் கிண்ணமும் வரவில்லை.

பதிவேட்டில் பெயர் இருப்பதை ஊரில் யாரோ போனில் தேடி எடுத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் கெயினோர் கூட்டித் துடைக்கும் மதுக்கடையில் பரிசுக் குலுக்கல் நடந்தபோது, டீன் என்ற குடிகாரன் எல்லார் காதிலும் விழும்படி, "மெரிலக்கா, எனக்கு ஒரு பைன்ட் பீர் வாங்கிக் குடேன். காசு கேட்டா சர்க்காருக்கு எழுதிப் போட்டுடலாம்!" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். மெரில் கோட்டை எடுக்கத் தடுமாறினாள். அறையின் அந்தக் கோடியிலிருந்து கெயினோரின் குரல் வந்தது.

"டேய் டீன், கல்லாவுக்குப் பின்னால ஒட்டியிருக்குற ஒன் பாக்கிச் சீட்ட தினம் காலையில தூசி தட்டுறவ நான். சத்தமா வாசிக்கட்டுமா?"

இப்போது சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. மெரில் அவளைப் பார்த்தாள். கெயினோர் பார்க்கவில்லை, தன் சீட்டு எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மெரிலுக்கு ஒரு பரிசுக் கூடை விழுந்தது. பன்றித் தொடையும் பிஸ்கட் டப்பாவும் இருந்தன. ஆணையில் இருப்பவள் இதை அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டுமோ என்ற பயத்தில் எமிருக்குப் போன் செய்தாள். அவர் இருமல் வரும்வரை சிரித்தார். "சாப்பிடுங்கம்மா. முதல்ல சாப்பிடுங்க" என்றார்.

அந்த வருடம் முழுக்க அவள் இப்படித்தான் இருந்தாள், காலடியில் கண்ணாடி விரித்ததுபோல. புதுக்கடன் வாங்கவில்லை, வருமானம் கூடவும் இல்லை. அடுத்த நவம்பரில் ஒரு புதன்கிழமையோடு கெடு முடிந்தது. யாரும் போன் செய்யவில்லை, வாழ்த்தவில்லை. பதினேழாயிரத்துச் சொச்சம் பவுண்டு சத்தமில்லாமல் இல்லாமல் போயிற்று. அவள் எமிரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இனிமே நானா இஷ்டப்பட்டு ஒருத்தருக்குக் குடுக்கலாமா?"

"குடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல."

"அதக் கேக்கல சார்."

"தாராளமாக் குடுக்கலாம்மா."

வெள்ளிக்கிழமை, உதவித்தொகை வந்த அன்று, பத்துப் பவுண்டுத் தாளோடு கெயினோர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கெயினோர் பாதிக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். வயதாகிவிட்டிருந்தது. நீட்டிய தாளைப் பார்த்தாள்.

"என்ன இது? அது செத்துப்போச்சுன்னு கடிதாசி வந்துதே."

"உனக்கு மட்டும் சாகல."

"பத்துப் பவுண்டா குடுத்தா, முடியிறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் போய்ச் சேந்துடுவோம்."

"பரவால்ல."

கெயினோர் தாளை வாங்கி ஏப்ரன் பைக்குள் போட்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அடுத்த வாரமும் வருவியா?"

"வருவேன்."

"மத்தியானத்துக்கு மேல வா. காலையில வேலைக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மெரில் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். தூறல் போட ஆரம்பித்திருந்தது. அந்த வாரத்துக்கு அவளிடம் மிச்சம் முப்பத்தொன்பது பவுண்டு இருந்தது.